தொண்ணூற்றேழாம் பக்கம்

யீஷூன் நூலகத்தில் எடுத்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
ஒரு வினைமுற்று இல்லை.

வந்து, நின்று, குடையை மடக்கி,
ஈரம் உதறி, பெயர் சொல்லத் தொடங்கி,
இப்படியே போகிறது.
வந்தது அவனா அவளா,
பெயரைச் சொன்னதுண்டா, தெரியாது.
காதலுக்குப் பாலும் இல்லை முடிவும் இல்லை
என்று பின்னட்டை விளக்குகிறது.
பின்னட்டைக்கு மட்டும்
வினைமுற்று கிடைத்திருக்கிறது.

ஏழாம் அத்தியாயத்தில்
நான்கு பக்கம் வெறும் காற்புள்ளிகள்.
அதற்கு ஏமாற நான் தயாரில்லை.
ஆனால் அந்தப் பேருந்து நிறுத்தத்தில்
ஒரே குடைக்குள் இருவர்
தோளை ஒதுக்கி, ஒதுக்கி,
ஒதுக்க இடமில்லாமல் போய்...
காதிப்பில் இறங்க வேண்டியவள் நான்,
அட்மிரல்ட்டி வரை போய்விட்டேன்.

எனக்கு முன் இரவல் பெற்ற யாரோ
பென்சிலால் முடித்து வைத்திருந்தார்கள்.
'வந்து' என்றால் மேலே 'வந்தான்'.
'சிரித்து' என்றால் 'சிரித்தாள்'.
ஓரிடத்தில் கேள்விக்குறி, அதை அடித்து
மறுபடி ஒரு 'ஆன்'.
அழுத்தமான கை; அடுத்த தாளிலும் தடம்.
தொண்ணூற்றேழாம் பக்கத்தோடு நின்றுவிட்டது.
சலிப்பா,
சரணா?

ஜுன் ஹாவிடம் சொன்னேன்.
"எங்கள் மொழியில் அவனும் அவளும்
வாய்க்கு ஒன்றுதான், எழுத்தில்தான் வேறு.
இதற்கு ஒரு நாவலா?" என்றான்.
(என்றான். பாருங்கள், எனக்கு வேறு வழியில்லை.)

அப்புறம் வாணலியைத் தேய்த்துக்கொண்டே
அவனுடைய தமிழில்:
"நீ சாப்பிட்டு? நான் காத்து. சோறு ஆறி."

நான்கு வருடமாகத் திருத்துகிறேன்.
சாப்பிட்டாயா. காத்திருந்தேன். ஆறிவிட்டது.
ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவான்,
மறுநாள் அதே 'நான் காத்து'.
காற்றா நீ, புயலா என்று
சிரித்தும் இருக்கிறேன், சில நாள்
சிரிக்காமலும்.

எழுதியவர் முந்நூறு பக்கம் மூச்சுப்பிடித்து
எட்டிய இடத்தில்
இவன் சோம்பலாய்க் கால்நீட்டி உட்கார்ந்திருக்கிறான்.
யாருக்குக் கைதட்ட?

நாவல் எனக்குப் பிடிக்கவில்லை.
திருப்பிக் கொடுத்து
அடுத்த வாரமே மறுபடி எடுத்து வந்தேன்.

நேற்றிரவு அழிப்பானோடு உட்கார்ந்தேன்.
ஆன், ஆள், ஆன் எல்லாம்
கறுத்த துகளாய்ப் போர்வையில்.
அறுபத்திரண்டில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்:
'சிரித்தாள்'.
அது அவள்தான்.
அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.