வினைமுற்று

ஒன்பதாம் வகுப்பில் வினையெச்சம் நடத்திய அன்று
எனக்குக் காய்ச்சல், போகவில்லை.
அதனால்தானோ என்னவோ
தாதியர் கல்லூரியில் இரண்டாம் வருடம் வரை
நான் எச்சத்திலேயே பேசினேன்:
"மிஸ், சேலைன் முடிஞ்சு..."
"மிஸ், அந்த அம்மா விழுந்து..."
மிச்சத்தை யாராவது முடித்துக்கொள்வார்கள்.

பரீட்சையில் எண்பத்தொன்று எடுத்தவள்தான்.
பொம்மைக்கு ஊசி ஏற்றும்போது கை நடுங்காது.
பொம்மை, "நீ புதுசா?" என்று கேட்காது.

மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரி,
சத்திரசிகிச்சை விடுதி,
மார்கழி மழை, இரவு இரண்டு மணி.
பதினேழாம் கட்டில் ஆதம்பாவா.
ஓட்டமாவடியில் தச்சு வேலை.
வயிற்றைப் பகலில்தான் வெட்டித் தைத்திருந்தார்கள்.
மணிக்கு நாலு தரம் "தண்ணி, மகள்" என்று கெஞ்சியவர்
தண்ணி கேட்பதை நிறுத்தியிருந்தார்.

பிரஷர் பார்த்தேன்: தொண்ணூற்றாறு.
பட்டியைக் கழற்றி மறுகையில் கட்டினேன்: தொண்ணூறு.
கருவி பழசு.
இஷ்ரத்தின் ஸ்டெதஸ்கோப்பை வாங்கி வந்தேன்: எண்பத்தெட்டு.
கருவி சரியென்றால் குழாய் பிழை,
குழாய் சரியென்றால் காது பிழை,
காதும் சரியென்றால்...
எல்லாவற்றையும் சந்தேகித்து முடித்த பிறகுதான்
அந்த மனிதரைப் பார்த்தேன்.
நெற்றியெல்லாம் வியர்வை.
மின்விசிறிக்கு நேர் கீழே.

மூன்றாம் கட்டிலில் பொறுப்பு மிஸ்.
முழங்கை வரை வேறொருவரின் இரத்தம்.
"மிஸ், பதினேழு கொஞ்சம் ஒரு மாதிரி..."
"ஒரு மாதிரியெண்டா?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை.
இருந்திருந்தால் அழுதுவிட்டு வந்திருப்பேன்.
சார்ட்டில் நாடிக்கு ஒரு வரி, சூட்டுக்கு ஒரு வரி,
சிறுநீருக்குக்கூட ஒரு பெட்டி உண்டு.
ஒரு மாதிரிக்கு இடமில்லை.

"நாடி நூற்றிப் பதினெட்டு.
பிரஷர் எண்பத்தெட்டுக்கு ஐம்பத்தாறு.
மூண்டு தரம் பாத்தன், இறங்குது.
வயிறு இறுகிக் கிடக்கு.
டொக்டர் வரவேணும்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ பேசுவதாக நினைத்தேன்.
மிஸ் தலை நிமிரவில்லை.
"எனக்கு இப்ப கை இல்ல. ஃபோனை எடு."

மறுமுனையில் தூக்கம் கலையாத சிங்களம்: "கியன்ன."
சொல்லு.
சிங்களத்தில் எனக்கு எச்சமும் வராது, முற்றும் வராது.
எண்கள் வரும், சந்தையில் பழகியவை.
கட்டில், நாடி, மேல் பிரஷர், கீழ் பிரஷர்,
மீன் நிறுக்கிறவள் படிக்கல் வைப்பதுபோல
ஒவ்வொன்றாக வைத்தேன்.
வயிற்றுக்குச் சொல் இருந்தது. இறுக்கத்துக்கு இல்லை.
"கல்" என்றேன்.
கல் இரண்டு மொழியிலும் கல்தான்.

ஒரு மூச்சு இடைவெளி.
"எனவா."
வருகிறேன்.
இவ்வளவு அழகான வினைமுற்றை
நான் எந்த மொழியிலும் கேட்டதில்லை.

ஆதம்பாவா கண் திறந்தார்.
"மோசமா மகள்?"
ஒண்டுமில்ல என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
"பிரஷர் இறங்குது. டொக்டர் வாறார்.
நான் இங்கதான் நிக்கிறன்."
நின்றேன். முழங்கால் மட்டும் நிற்கவில்லை.

மூன்றே முக்காலுக்குத் தியேட்டருக்குத் தள்ளிப் போனார்கள்.
வண்டியின் ஒரு சில்லு வாசல்வரை கீச்சிட்டது.
என்னை யாரும் பாராட்டவில்லை.
சார்ட்டில் என் ஏழு ஒன்று மாதிரி இருக்கிறதென்று
மிஸ் ஒரு குறை சொன்னார்.
திருத்தினேன்.
விடியும்போது மேலிருந்து செய்தி:
பதினேழாம் கட்டில் தண்ணி கேட்கிறாராம்.

ஏழரை பஸ். கல்லடிப் பாலம்.
மழை விட்டிருந்தது, எனக்குக் கண் சொருகியது.
"அண்ணன், இந்த இடத்தில இறங்கோணும் போல..."
நடத்துனர் மிச்சத்துக்காகக் காத்திருந்தார்.
பஸ் காத்திருக்கவில்லை.
"போலயெண்டா என்னகா? இறங்கிறியா இல்லையா?"
"இறங்கிறன்."

இறங்கினேன்.
வீட்டிலிருந்து அரை மைல் தள்ளி.