சொல் நோட்டு

காது பார்க்கும் அறையில் கொடுத்தார்கள்,
நாற்பது பக்கம், அட்டையில் மயில்.
"பிள்ளை சொல்றதையெல்லாம்
தேதி போட்டு எழுதிட்டு வாங்கம்மா."
மின்னொளிக்கு அப்போது ஒன்றரை வயது.
மூன்று மாதம் கழித்து அப்படியே கொண்டுபோனேன்.
பெயர் இருந்தது. கோடுகள் இருந்தன.
என் கையெழுத்தில் ஒரு பால் கணக்கும் இருந்தது.

கபிலன் பிறந்ததும்
அதே நோட்டைக் கவிழ்த்துப் பின்னாலிருந்து தொடங்கினேன்.
"இவனுக்காவது கேக்குதா?"
காட்பாடியிலிருந்து லத்தேரி வரை விசாரித்தார்கள்.
கேட்டது. குக்கர் விசிலுக்கு வீறிட்டான்.

எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டி.
வண்டி வருமுன் தரை சொல்லிவிடும்.
மின்னு அதைக் காலால் வாங்கி,
உள்ளங்கையை நெஞ்சில் பதித்து,
விரல்களை உதறுவாள்.
ஏதோ விளையாட்டு என்றிருந்தேன்.

அவனுக்குப் பதினோராம் மாதம்.
சரக்கு வண்டி ஒன்று முக்கி முக்கிப் போனது.
இடுப்பில் இருந்தபடியே
நெஞ்சில் கை வைத்தான் கபிலன்.
ஐந்து விரலும் சேர்ந்து உதறவில்லை,
கையிலும் மழலை.
அக்காவைப் பார்த்தான்.
அதுதான் என்று தலையாட்டினாள்.

நோட்டை எடுத்தேன்.
"சொன்ன சொல்" என்ற பத்தியில்
எதைப் போடுவது?
அந்த உதறல் உயிரா, மெய்யா?

நாத்தனார் தனபாக்கியம்
செருப்பைக் கழற்றுமுன்னே ஆரம்பித்தாள்:
"இன்னா பண்ணிகினு கீற நீ?
கைய ஆட்டக் கத்துக் குடுத்தா
இவனும் வாயத் தொறக்க மாட்டான்."
நான் எங்கே கற்றுக்கொடுத்தேன்,
எனக்கே தெரியாதே.

அடுத்த மாதம் "ம்மா" வந்தது, "த்தா" வந்தது.
காக்காவுக்குக் கையும் வாயும்
ஒரே நேரத்தில் திறந்தன.
இப்போது மூன்று வயது.
வாயால் என்னிடம், "நான் திங்கவேல்ல."
முதுகுக்குப் பின்னால் அவளிடம்,
மக்கன்பேடா மூன்று என்று மூன்று விரல்.

கரண்ட் போனால் மின்னுவுக்குப் பேச்சும் போய்விடும்.
சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கிடப்பாள்.
நேற்று அவன் இருட்டில் துழாவி
அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து
உதறினான்.
எந்த வண்டியும் வரவில்லை.
அவள் சிரித்தது எனக்குக் கேட்டது.

விளக்கு எரிந்ததும்
நோட்டின் முன்பக்கத்தைத் திறந்தேன்.
பால் கணக்கை அடித்தேன்.
ரயில், என்று எழுதினேன்.
தேதிக்கு நேரே ஒன்றும் எழுத வரவில்லை.
அப்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

அதன் கீழே, முள்ளுக் கத்திரிக்காய்.
இலவம்பாடிக் காய் ஒருநாள் அவளைக் குத்தியது.
பத்து நாள் கழித்து,
தெருவில் தள்ளுவண்டி வந்தபோது
விரல் நுனியைக் கிள்ளி, ஊதி,
என்னிடம் நீட்டினாள்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
ஒரு கீறலும் இல்லை.
இருந்தும்
மஞ்சள் குழைத்துத் தடவி அனுப்பினேன்.