இரண்டு சதவீதம்

உறங்க வைப்பது என் வேலை.
டர்பனில், மூன்றாம் எண் தியேட்டரில்
பதினேழு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.
சில வியாழக்கிழமைகளில் மட்டும்
உடம்பு மொத்தத்தையும் உறங்க வைத்துவிட்டு
ஒரே ஒரு தசையை
விழித்திருக்க விடச் சொல்வார்கள்.

நெல்மணி அளவுகூட இராது.
காதுக்குள் ஓர் எலும்புக் கூண்டில் படுத்துக்கொண்டு
நாண் ஒன்றை மட்டும் வெளியே நீட்டி
அங்கவடி எலும்பின் கழுத்தைப் பிடித்திருக்கும்.
சத்தம் மிஞ்சினால் சுண்டி இழுக்கும்.
அதற்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று:
போதும்.

லுத்தாண்டோவுக்குப் பதினான்கு மாதம்.
மூளைக்காய்ச்சல் போகிற போக்கில்
காதையும் கொண்டுபோய்விட்டது.
கருவி வைத்த பின், இது சத்தம், இது வலி என்று
பிரித்துச் சொல்ல அவனுக்கு வருடங்கள் ஆகும்.
அதுவரை அவனுக்காகப் பேச
இந்த நெல்மணிதான்.

தவேஷ்னி படையாச்சி காதின் பின்புறமாக நுழைந்தாள்.
தேனடை போன்ற எலும்பைக் கடைந்து, நீர் விட்டு, கடைந்து,
முகத்தை அசைக்கும் நரம்புக்கும்
நாக்குக்குச் சுவை தரும் நரம்புக்கும் இடையில்
முக்கோணமாக ஒரு சாளரம் திறந்தாள்.
சண்டைக்கார அண்டை வீடுகளின் நடுவே
சந்து பிடித்து நடப்பது மாதிரி.
இந்தப் பக்கம் மயிரிழை பிசகினால்
பையனின் பாதிச் சிரிப்பு போகும்.
அந்தப் பக்கம் பிசகினால்
டிசம்பர் லிச்சிப்பழம் தகரம்போல் ருசிக்கும்.

இருபத்திரண்டு மின்முனைகள்
நத்தையெலும்புக்குள் சுருண்டு அமர்ந்தன.
ஸாமா ம்கீஸே மடிக்கணினியிலிருந்து எண்ணினாள்:
நூற்றெழுபது. நூற்றெண்பது.
நுண்ணோக்கியில் நாண் தெரியவில்லை;
எலும்பு விளிம்பு ஒன்று மறைத்திருந்தது.
வைரமுனையால் தூசளவு சீவியதும் தெரிந்தது,
வெள்ளையாக,
பூத்தொடுக்கும் நாரில் ஒரு துணுக்கு.
நூற்றுத் தொண்ணூறு. இருநூறு. இருநூற்றுப் பத்து.
அசையவில்லை.

"முக நரம்புக்குப் பின்னால் போய்
தசையையே பிடிக்கவா?" என்றாள்.
ஊசிமுனை இறக்கினால் அதன் துடிப்பைத் திரையில் பார்க்கலாம்.
அந்த வழியை நான் அறிவேன்:
நரம்பின் முதுகுக்கும் சமநிலைக் குழாய்க்கும் நடுவே
பென்சில் முனைக்கும் யோசனை வரும் இடம்.
துரப்பணம் மறுபடி சுழலத் தொடங்கியது.

அப்போதுதான் என் பக்கத்து இயந்திரத்தைப் பார்த்தேன்.
மயக்க வாயுவின் திருகு
இரண்டு சதவீதத்தில் நின்றிருந்தது.
எப்போதோ மூடியிருக்க வேண்டியது.
நடுவில் மின்சாரம் போனது, ஜெனரேட்டர் உறுமியது,
நான் திரைகளைச் சரிபார்த்தேன், பிறகு,
பிறகு என்ன, மறந்துவிட்டேன்.
காவலுக்கு விட்டிருந்த ஒருவனையும்
தாலாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"நிறுத்து."
துரப்பணச் சத்தத்தில் கேட்கவில்லை.
இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது,
காரணத்தையும் சேர்த்து.

வாயுவை மூடி, நரம்புவழிப் பால்நிற மருந்துக்கு மாற்றினேன்.
பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தோம்.
தவேஷ்னி கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றாள்.
ஸாமா திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
தேநீர் அறைக் கூரைமேல் ஹடீடாக்கள் கத்தின;
ஊரே சபிக்கும் அந்தக் கத்தல்
கதவு திறந்து மூடிய நேரம் மட்டும் உள்ளே வந்து போயிற்று.
இவன் அதைக் கேட்டு ஒருநாள் எரிச்சலடைவான்
என்று நினைத்துக்கொண்டேன்.

நூற்றெழுபது. ஒன்றுமில்லை.
நூற்றெண்பது.
நூற்றெண்பத்தைந்து.
நார் வெடுக்கென்று
நூலிழை தூரம் உள்ளே போய் வந்தது.

"க்வானேலே" என்றாள் ஸாமா, தன் மொழியில்.
போதுமாம்.

பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது:
வாயு இரண்டு சதவீதம், பதினொன்று நாற்பது வரை.
குறைக்கத் தவறியவன் நான்.
அதன் கீழே, ஸாமாவின் பச்சை மையில்,
185.