நான்குக்கு ஒன்று

முதல் பெட்டி யோர்மாவுடையது. சிவப்பு.
வேனில் வரும்போது மடியில் போட்டான்.
"மிதித்துப் பார், ஐலா. உன் பேஸ் ஓர் இடத்தில் நிற்கும்."
இத்தனை வருடம் நிற்காமல் அலைந்திருக்கிறேன் என்று
அப்போதுதான் தெரிந்தது.

ஏரிக்கரை நடனக் கொட்டகை. ஜூலை.
இரவு பத்துக்கும் பலகைத் தரையில் வெயில்.
முதல் ஹும்பாவிலேயே என் அடித்தந்தி காணாமல் போயிற்று.
கிட்டாருக்கென்று செய்த பெட்டி அது.
அவன் விரலுக்கு மினுக்கும், நீட்டும், கொஞ்சும்.
என் தடித்த தந்தியைக் கண்டதும்
பயந்துபோய் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கியது.
ஆடியவர்கள் யாரும் விழவில்லை.
ஆனால் படி இருக்கும் என்று நினைத்து
காற்றில் கால் வைத்ததுபோல்
ஒரு நொடி எல்லா முழங்கால்களும்.

இரண்டாவதற்கு ஒன்பது விளக்குகள்.
எவ்வளவு அமுக்குகிறதோ அத்தனை எரியும்.
மூன்று வாரம் விளக்குகளுக்காக வாசித்தேன்.
நாலாவது விளக்கைத் தொடாமல் ஒரு டாங்கோ முழுக்க.
கிர்சி சிம்பலின் விளிம்பைத் தட்டிக் கூப்பிட்டாள்:
பாட்டு முடிந்துவிட்டது,
ஜோடிகள் கைதட்டிவிட்டு ஓரத்துக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாவது, நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க்கில்,
கழுத்துவரை பச்சை குத்திய சாமுலியிடம், அறுபது யூரோ.
"என்ன செய்யும் இது?"
"ஒன்றும் செய்யாது. அணைத்தால் தெரியும்."
பின்சீட்டில் குழந்தை அழுதது.
பேரம் பேசாமல் கொடுத்தேன்.

பகலில் காகித ஆலை எனக்கு.
தாளை வழவழப்பாக்கும் உருளைகளின் அழுத்தம் பார்ப்பவள்.
அதிகம் அழுத்தினால் அழகாகத்தான் இருக்கும்,
கண்ணாடிபோல் பளபளக்கும்.
மை மட்டும் உள்ளே இறங்காது.
இதை எந்தப் பெடலின் பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை.

ஆகவே இப்படித் திருகினேன்:
முதல் தொடுகையைப் பிடிக்காதே, போகவிடு.
சதை தந்தியைவிட்டு விலகும் அந்த 'டுப்',
அதைக் கேட்டுத்தான் கால்கள் இறங்குகின்றன.
பிறகு பிடி.
எல்லை தாண்டி நான்கு படி ஏறினால்
ஒரு படி வெளியே வரட்டும்.
ஓரத்தில் இன்னொரு குமிழ்:
பாதி அமுக்கியது, பாதி அமுக்காத நான்.
அதை நடுவில் வைத்துவிட்டு
வெளியே போய் ஒரு சிகரெட்.

குறை இல்லாமலா.
அடங்கியதை எல்லாம் இது தூக்கிவிடும்.
இரண்டு பாட்டுக்கு நடுவில், நான் தந்தியை மூடியதும்,
தொத்திறைச்சிக் கடையின் ஃப்ரிட்ஜ்
என் ஆம்ப்ளிஃபயரில் மெல்ல எழுந்து நின்று
'ம்ம்ம்' என்கிறது, தன் முறை வந்ததைப்போல்.

கடைசியாகத்தான் விடுவிக்கும் குமிழைப் புரிந்துகொண்டேன்.
மெதுவாக விட்டால்
போன சுரத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்போதே
அடுத்தது வந்துவிடும்.
அது தன் தவறில்லாமல் நசுங்கும்.

வீடு திரும்பும் வேனில்
யோர்மா பணத்தை எண்ணிப் பிரித்தான்.
எனக்கு வழக்கம்போல் இருபது குறைவு.
வண்டி அவனுடையது, டீசல் அவனுடையது,
காரணம் மட்டும் ஒவ்வொரு முறையும் புதியது.
"இன்றைக்குத்தான் உன் பேஸ் நின்றது," என்றான்,
"என்ன பெட்டி அது?"

சொல்ல நான்கு வாக்கியம் இருந்தது.
மே மாதத்திலிருந்து பிடித்துவைத்திருந்தவை.

"இருபது," என்றேன்.

கிர்சி பின்னால் சிரித்தாள்.
வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.
யோர்மா பையைத் திரும்பத் திறந்தான்.
ஏரிக்கு மேல் வெளிச்சம்
கூடவுமில்லை, குறையவுமில்லை.