ஆறும் மூன்றும்

பன்னிரண்டு குழாய்களை வெப்பத்தட்டில் செருகிவிட்டு
இரண்டு மணி நேரம் காத்திருப்பது என் வேலை.
நூற்றைம்பது டிகிரி. கடும் அமிலம்.
உள்ளே ஆரஞ்சு நிற டைக்குரோமேட்டும்
நாலாம் நம்பர் குளத்துக் கழிவுநீரும்
மூடிக்குள் இறுகி
ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டிருக்கும்.

வெளியே எடைப்பாலத்தில் செம்பனைக் குலை லோரிகள்.
ஊருக்குப் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை,
பலகையில் பெஸ்தாரி ஜெயா.
பஸ்காரர் பழைய பெயரைத்தான் கத்துகிறார்,
நாங்களும் இறங்கிவிடுகிறோம்.

மணி அடித்ததும் எடுத்துப் பார்த்தால்
ஆரஞ்சு பச்சையை நோக்கிப் போயிருக்கும்,
ஒன்றில் பாதி, ஒன்றில் முக்கால்.
குரோமியம் எங்கும் போகவில்லை.
ஓர் அணு கூடவில்லை, குறையவில்லை.
ஆறு மூன்றாகியிருக்கிறது.

படிவம் ஐந்தில் இதை மலாயில் படித்தேன்.
தமிழில் என்ன சொல்வார்கள் என்று
பின்னால் ஒருநாள் தேடிப் பார்த்தேன்:
எலெக்ட்ரானை இழந்தால் ஏற்றமாம்,
பெற்றால் ஒடுக்கமாம்.
பெயர் வைத்தவர்
எந்த லயத்திலும் குடியிருந்தவர் இல்லை.
மின்சுமை என்று ஒரு சொல் கிடைத்தது.
அதில் சுமையை மட்டும் ஒப்புக்கொண்டேன்.

இந்த ஆறு எப்படி வந்தது?
செக்ரோல் போடுவது மாதிரிதான்.
ஆக்சிஜன் ஏழு, ஆளுக்கு இரண்டு, பதினான்கு.
மொத்தத்துக்கு மிஞ்சும் கழிவு இரண்டு.
பாக்கி பன்னிரண்டை இரண்டு குரோமியத்தின் தலையில்
சமமாகக் கட்டினால் ஆறு.
உண்மையில் அது ஆறையும் பறிகொடுக்கவில்லை.
பாதிப் பாதியாய்ப் பிடித்திருந்த பொருளை
இழுவை அதிகமுள்ளவன் பெயரில் முழுசாய் எழுதிவிட்டு
இளைத்தவன் பக்கம் பற்று வைக்கும்
கிராணி கணக்கு.

அண்ணன் குணாளனுக்கு நீல ஐசி. எனக்குச் சிவப்பு.
ஒரே டிவிஷன், ஒரே வீடு, ஒரே அம்மா.
நான் பிறந்த மாதம் ஆறு பெருகிப் பாலம் மூழ்கியது.
அப்பா பாரம் எடுத்துக்கொண்டு போனபோது
கெடு முடிந்திருந்தது.
பதிவிலாகாவில் பதினெட்டு வருஷமாய் என் கோப்பு.
போன மாதம் கவுண்டரில் புதுப் பெண்,
நிலை என்ன என்று மலாயில் கேட்டாள்.
எந்த உலோகத்தைக் கேட்கிறாய் என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அளவி முறையில் கடைசிச் சொட்டு முக்கியம்.
ஃபெரோயின் இரண்டு துளி விட்டு
இரும்புக் கரைசலைத் திறப்பேன்.
மஞ்சள் போகும், நீலப்பச்சை வரும்,
சொட்டு, சொட்டு, பிறகு
ஒரே சொட்டில் செங்காவி.
நடுவில் ஒரே ஓர் எலெக்ட்ரான்.
நீலத்தில் இருக்கும் இரும்பு ஒன்று குறைந்தது,
சிவப்பில் இருப்பதிடம் அந்த ஒன்று இருக்கிறது.
இதைக் குணாளனிடம் சொன்னேன்.
"அப்ப எனக்குத்தான் நட்டமா?" என்று சிரித்தான்.
பிறகு சிரிப்பதை நிறுத்தினான்.

தேர்தல் அன்று அவன் மோட்டாரில் பின்னால் போவேன்.
அவன் உள்ளே போவான்,
நான் எதிர்க்கடையில் தே-ஓ குடிப்பேன்.
திரும்பி வருவான், இடது விரல் கறுப்பு.
அந்த மையில் இருப்பதும்
என் குளோரைடு சோதனையில் இருப்பதும்
ஒரே வெள்ளி உப்பு.
தோலில் பட்டால் வெள்ளி ஒன்றைப் பெற்றுக்கொண்டு
சுமை இறக்கி உட்கார்ந்துவிடும், போகாது.
அவனுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை.
எனக்கு வாரா வாரம், மூன்று விரலில்.

இன்று ஏழாவது குழாய் முழுப் பச்சை.
ஆரஞ்சு ஒரு பொட்டுகூட மிஞ்சவில்லை.
அப்படியானால் எண் கிடையாது,
நீர் அவ்வளவு அழுக்கு என்று மட்டும் தெரியும்.
இஞ்சினியர் கைருதீன் எட்டிப் பார்த்தார்.
"எத்தனை?"
இன்னும் தெரியாது, துவான்.
பத்து மடங்கு நீர்த்து
மறுபடி வைக்கிறேன்.

குணாளனுக்கு போன் போட்டேன்.
வர நேரமாகும்,
சோற்றை மூடி வை.