பதினாலாம் சீட்டு

கோயம்புத்தூர் பஸ் திரும்பும் இடத்துக்கும்
பாலக்காட்டு பஸ் திரும்பும் இடத்துக்கும் நடுவே
வேலந்தாவளத்தில் என் மேஜை.
பத்தொன்பது வருஷம் அதன்மேல் லாட்டரி.
இப்போது அதே மேஜையில்
மெக்சிகோ அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் கிழிக்கிறேன்.
இருபது ரூபாய், குழந்தைக்குப் பத்து.
"குலுக்கல் எப்பங்க்கா?" என்கிறார்கள்
பழக்கம் விடாதவர்கள்.
"உள்ள போய்ப் பாருங்க, அடிச்சாலும் அடிக்கும்."

பழைய புண்ணாக்குக் குடோன் அது.
எத்தனை நீலம் அடித்தும்
மழை பிடித்தால் கடலை எண்ணெய் மணக்கும்.
நடத்துகிறவள் பெயர் பலகையில் எஸ்பெரான்சா.
கஞ்சிக்கோட்டு இரும்பாலை எஞ்சினியரைக் கட்டிக்கொண்டு
கடல் தாண்டி வந்தவள்.
ஊர் வாயில் அது நிற்கவில்லை,
பரஞ்சோதி ஆனாள்.
கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள்.

ஜன்னலுக்கு ஜன்னல் கத்தரித்த காகிதம்.
சர்க்கரையில் மண்டை ஓடு;
எறும்புக்கு மஞ்சள்தூள் கோடு போடுவது என் வேலை.
தகரத்தில் இதயம், தகரத்தில் கால்.
பார்க்க வந்த மாரியம்மன் கோயில் பூசாரி
பலகையின் மூன்று பத்தியைப் படிக்காமலே சொன்னார்:
"நேர்ந்துக்கிட்டது. கால் சரியாப் போயிருக்கும்."

கடைசி அறைச் சுவரில்
ஐம்பத்து நாலு படச் சீட்டு.
ஒன்று சேவல். ஐந்து குடை. இருபத்தைந்து குடிகாரன்.
முப்பத்தொன்பது நம்ம சப்பாத்திக்கள்ளி,
மேட்டாங்காட்டு வேலியில் நிற்பதே, முள்ளோடு.
"இதுக்குப் பேரென்ன?" என்றேன்.
"லொட்டேரியா" என்றாள்.
நான் சிரித்த சிரிப்பில்
வாட்ச்மேன் ஓடி வந்தான்.

ஞாயிறு சாயங்காலம் ஆட்டம்.
காசு கிடையாது. அட்டைக்குப் பதினாறு கட்டம்,
வந்த படத்தின்மேல் ஒரு மக்காச்சோள மணி.
படத்தைக் காட்டாமல் விடுகதையாய்க் கூவ வேண்டும்,
அவர்கள் ஊரில் அதற்கென்றே ஆள் உண்டாம்.
பரஞ்சோதிக்குத் தமிழ் அத்தனை வராது.
எனக்கோ
பஸ் ஹாரனுக்கு மேலே எழும்பிப் பழகிய தொண்டை.

"விடிய எழுப்புவான், வெந்தாலும் மணப்பான்!"
சேவல், சேவல் என்று பிள்ளைகள் கத்தும்.
"நனைஞ்சா விரிவா, காஞ்சா மடங்குவா!"
"வீட்டுக்கு வழி கேப்பான், ஷாப்புக்குக் கேக்கமாட்டான்!"
இதற்குப் பெண்கள்
மணியைக் கொஞ்சம் அழுத்தியே வைப்பார்கள்.
பதினாறும் நிறைந்தால் "அடிச்சிருச்சு!"
அந்தச் சொல்லை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு சாமாத்தாள் வந்தாள்.
ஆறுச்சாமியின் சாமாத்தாள்.
என்னிடம் மட்டுமே வாங்குவான் ஆறுச்சாமி,
கடைசி மூன்று எண்ணை விரலால் தடவிப் பார்த்து.
தோட்டம் போனது, கிணறு போனது.
ஒருநாள்
விற்ற கிணற்றிலேயே போய் விழுந்தான்.
துட்டிக்கு நான் போகவில்லை.

அவளிடம் டிக்கெட் காசு வாங்கவில்லை.
சீட்டைக் கலைக்கும்போதே
பதினாலை அடியில் சொருகிவிட்டேன்.
அரிவாள் பிடித்த எலும்புக்கூடு அது.
நிலா வந்தது. ஏணி, தவளை, கள்ளி.
சாமாத்தாள் அட்டையில் பதினைந்து நிறைந்து
ஒரு கட்டம் காலி.
என் ஸ்டூலிலிருந்தே தெரிந்தது எந்தக் கட்டம் என்று.

"அடியில ஒண்ணு வெச்சிருக்கியே" என்றாள்,
"அதைக் கூப்பிடு."

எடுத்தேன்.
விடுகதை வரவில்லை.
வெளியே பாலக்காட்டு பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்தது.
சாமாத்தாளே சொன்னாள்,
யாருக்கும் சொல்லாத மாதிரி:
"வாங்காதவனுக்கும் விழுகிற சீட்டு."

மணியை வைத்தாள்.
அடிச்சிருச்சு என்று கத்தவில்லை.
பிள்ளைகள்தான் கத்தினார்கள்.

பதினாறையும் முந்தானையில் அள்ளிக்கொண்டாள்,
கோழிக்கு ஆகும் என்று.
போகும்போது மேஜைமேல் வைத்தாள்
நாலாய் மடித்த இருபது ரூபாய்.
அவள் பஸ் ஏறிய பிறகு
ஒரு டிக்கெட் கிழித்தேன்.