நாலாவது போல்ட்

அறுபத்து நாலாம் வருஷத்து ஹெரால்டு.
பிரித்துப் போட்ட அன்று எண்ணினேன்:
நூற்றுத் தொண்ணூற்றொரு போல்ட்.
அதில் முப்பது, பம்புசெட்டுக்குப் பிறந்தவை.
பதினொன்று கட்டில் கால்.
ஒன்று, சத்தியமாக, தையல் மிஷின்.

அசலுக்குத் தலையில் எழுத்து உண்டு,
அரிசி அகலத்தில் எழும்பி நிற்கும்.
விரலால் தடவினால் தெரியும்.
"இறுக்குனா நிக்கணும், அம்புட்டுதானே?
இரும்புக்கு என்னட்டி தலையெழுத்து?" என்றான் அண்ணன்.
எனக்கு மரை கழண்டுவிட்டதாக வீட்டில் பேச்சு.

வண்ணார்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில்
மூன்று ஞாயிறு குத்தவைத்துப் பொறுக்கியதில்
பானெட் கீலுக்கு மட்டும் நாலு குறைந்தது.
அந்த நாலும் இருந்தது முருகன்குறிச்சியில்,
கரும்புச் சாறு பிழியும் மிஷினின் அடியில்.
மீதிச் சில்லறைக்கு நீட்டிய கையை
மடக்க மறந்துபோனேன்.
பிசுக்கு, எறும்பு, அதற்கும் கீழே
அந்த எழுத்து.

மறுநாள் புது போல்ட் நாலோடு போனேன்.
தளவாய் சந்தேகப்பட்டார்.
"தங்கமா?"
"இரும்புதான்."
"பொறவு எதுக்கு ஐநூறு ரூவா?"
பதில் சொல்லத் தெரியவில்லை.
"சரி, ஒண்ணொண்ணாக் கழத்துங்க.
யாவாரம் நிக்கப்படாது."

அரை இஞ்சு ஸ்பேனரோடு
பிளாட்பாரத்தில் மண்டியிட்டேன்.
தலைக்கு மேலே சக்கரம் சுற்றியது, மணி குலுங்கியது,
இஞ்சியும் எலுமிச்சையும் நசுங்கின.
சாறு பிடரியில் சொட்டி முதுகுக்குள் இறங்கியது.
மூன்று வந்துவிட்டன.
நாலாவது அரைச்சுற்று வந்து நின்றுகொண்டது.
மண்ணெண்ணெய் விட்டேன், தட்டினேன், கெஞ்சினேன்.
தம்ளரோடு நின்ற நர்சிங் பிள்ளைகள்
ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.
"விடுங்க, இங்கனயே கெடக்கட்டும்" என்றார் தளவாய்.
"அதுக்கு இனிப்புப் பழகிட்டு."

பேட்டையில் மைதீன் பிச்சையின் பட்டறை.
அமிலத்தில் பழைய துரு நுரைத்துக் கழன்றது.
ஆனிக் காற்றில் ஈரம் இருந்தது;
அம்மணமான இரும்பு விடிவதற்குள் சிவந்துவிடும்.
அன்றைக்கே செம்புக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுத்
துத்தநாகத்தில் இறக்கினார்.

"ஸ்டீயரிங்குக்குப் போறது எது? தனியாத் தாங்கம்மா.
அமிலம் குடிச்ச இரும்பு
உள்ளுக்குள்ள காத்தை ஒளிச்சு வச்சிருக்கும்.
ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாம முறியும்.
சுட்டு வெளியேத்தணும்."

அடுப்பு, அடுத்த கதவு ஞானதிரவியம் பேக்கரியில்.
ரஸ்க் இறங்கிய பிறகு இருநூறு டிகிரி மிச்சமிருந்தது.
இனி பன் பக்கம் போகாது என்று ஒதுக்கிய தட்டில்
இருபத்தாறு போல்ட், நாலு மணி நேரம்.
பால்பன் வாங்க வந்த பையன்
எட்டிப் பார்த்துவிட்டு,
"இது எப்பம் வேகும்?" என்றான்.
ஞானதிரவியம் முகம் மாறாமல்
"ஆறரைக்கு வா" என்றார்.

மஞ்சள் முக்கு அதற்குப் பிறகுதான்.
முந்தினால் சூட்டில் நிறம் செத்துவிடும்.
ஈரத்தோடு எடுத்தபோது
மஞ்சளுக்குள் பச்சையும் ரோஸும் ஓடின,
சோப்புக் குமிழியின் தோல் மாதிரி.
பொறுக்காமல் ஒன்றைத் தொட்டேன்.
பூச்சு உலர்ந்திருக்கவில்லை.
என் கட்டைவிரல் ரேகை
இப்போதும் அதில் இருக்கிறது.

கீலில் மூன்று எழுத்து, ஒரு மொட்டைத் தலை.
"கொத்திக் குடுக்க ஆள் இருக்கு,
ஒருத்தனுக்கும் தெரியாது" என்றான் அண்ணன்.
இப்போது அவனும் எண்ணத் தொடங்கியிருந்தான்.
வேண்டாம் என்றேன்.

சிக்னலில் வண்டி நிற்கும்போது
குனிந்து, மிஷினுக்கு அடியில் பார்க்கிறேன்.
சக்கரத்தை நிறுத்தாமலே தளவாய் கத்துகிறார்:
"நம்ம மூணும் சொகமா?"
பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்கிறது.